வாயசைத்தவருக்குப் பெண்! பாடியவருக்குக் கண்ணீர்!

இரண்டு வீடுகள். எதிரும் புதிருமாக இரண்டு ஜன்னல்கள்.

ஒரு ஜன்னலில் அழகான இளம்பெண். எதிர் ஜன்னலில் அப்பாவி வாலிபன். அவளுக்குப் பாட்டு என்றால் உயிர். அவனுக்கும் பாட்டுக்கும் ஏழாம் பொருத்தம்! அவளுக்குப் பாட்டும் நடனமும் சொல்லிக்கொடுக்க வீடு தேடி ஒரு வாத்தியார் வருகிறார். அந்த வாத்தியாருக்கும் அவள்மேல் ஒரு கண்.

பெண் யாருக்கு?

இந்த ஒரே கேள்வியை வைத்துக்கொண்டு இரண்டரை மணி நேரத்துக்கும் மேலாக ஜனங்களைச் சிரிக்க வைத்த படம் "படோசன்". 1968-ம் ஆண்டு பம்பாயில் இருந்து வந்த இந்திப் படம். "படோசன்" என்றால் பக்கத்து வீட்டுக்காரி என்று அர்த்தம்.

படம் வந்து அரை நூற்றாண்டு கடந்துவிட்டது. ஆனாலும், இந்தி நகைச்சுவைப் படங்களைப் பற்றிப் பேச்சு எடுத்தால் முதல் வரிசையில் இந்தப் பெயர் வந்துவிடுகிறது.

தமிழ் ரசிகர்களுக்கு இந்தப் படத்தில் தனியாக ஒரு சம்பந்தம் உண்டு. அந்தப் பாட்டு வாத்தியார் வடநாட்டுக்காரர் அல்ல, தென்னாட்டுக்காரர். தலையில் குடுமி. இடுப்பில் வேட்டி. வாய் திறந்தால் "ஐயோ!" பெயர் மாஸ்டர் பிள்ளை!

சிரிப்பு அவரை வைத்துத்தான். வயிறு வலிக்கச் சிரித்துவிட்டு வெளியே வரும் தமிழருக்கு, மனசில் ஒரு முள் குத்திய மாதிரி இருக்கும். அது ஏன் என்று பார்ப்போம்.

25 வயதுக் கணக்கு

கதாநாயகன் பெயர் போலா. சூதுவாது அறியாதவன். அவன் படிப்பது சாஸ்திரப் புத்தகம். மனிதனுடைய ஆயுளை நான்கு பாகமாகப் பிரித்து, முதல் 25 வருஷம் பிரம்மசரியம், அதற்கு அப்புறம் இல்லறம் என்று அதில் சொல்லியிருக்கிறது. போலாவுக்கு 25 வயது தாண்டிவிட்டது. இன்னும் கல்யாணம் ஆகவில்லை. கணக்குத் தவறிவிட்டதே என்று கவலைப்படுகிறான்!

அவனுடைய மாமா பிரதாப் சிங். சாஸ்திரக் கணக்குப்படி அவர் காட்டுக்குப் போய்த் தவம் செய்ய வேண்டிய வயது. அவரோ காடு தேடவில்லை, பெண் தேடுகிறார்! மனைவி உயிரோடு இருக்கும்போதே இன்னொரு கல்யாணம் செய்துகொள்ள அலைகிறார்.

மருமகனுக்கு இது பிடிக்கவில்லை. மனஸ்தாபம் முற்றுகிறது. கணவனைப் பிரிந்து தனியாக வாழும் மாமியின் வீட்டுக்கு மூட்டை முடிச்சோடு வந்து சேருகிறான் போலா.

பக்கத்து வீட்டில்தான் பிந்து இருக்கிறாள்.

பார்த்தான். மயங்கினான். அவளோ அவனைச் சட்டை செய்யவே இல்லை. முகத்தில் அடித்தாற்போல ஜன்னலைச் சாத்துகிறாள்.

போலாவுக்கு ஒரு நண்பன் இருக்கிறான். பெயர் வித்யாபதி. எல்லோரும் "குரு" என்றுதான் கூப்பிடுவார்கள். ஒரு சின்ன நாடகக் கோஷ்டிக்குத் தலைவன். ஆடுவான், பாடுவான், வேஷம் போடுவான். "அந்தப் பெண்ணுக்குச் சங்கீதப் பைத்தியம். நீ பாடினால் விழுந்துவிடுவாள்" என்று அவன் யோசனை சொல்கிறான்.

போலா பாடிப் பார்க்கிறான். கழுதைக்கும் அவனுக்கும் வித்தியாசம் தெரியவில்லை!

அப்போதுதான் குருவுக்கு அந்தத் தந்திரம் தோன்றுகிறது. போலா ஜன்னலில் உட்கார்ந்து வாயை மட்டும் அசைக்க வேண்டும். குரு பின்னால் மறைந்திருந்து பாடுவான்!

தந்திரம் பலிக்கிறது. எதிர் ஜன்னல் திறக்கிறது.

சினிமாவையே கேலி செய்த சினிமா

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசித்தால் ஒரு வேடிக்கை புரியும்.

நம் சினிமாவில் கதாநாயகர்கள் பாடுவது எப்படி? பின்னணிப் பாடகர் முதலில் ஸ்டூடியோவில் பாடுகிறார். அது பதிவாகிறது. பிறகு படப்பிடிப்பு நடக்கும் இடத்தில் அந்தப் பாட்டை ஒலிபெருக்கியில் போடுகிறார்கள். நடிகர் அதைக் கேட்டுக்கொண்டே வாயை அசைக்கிறார். காமிரா ஓடுகிறது. கொட்டகையில் பார்க்கிறவர்களுக்கு நடிகரே பாடுகிற மாதிரி இருக்கிறது.

போலா செய்வதும் அதே வேலைதான்! ஒவ்வொரு கதாநாயகனும் ஒவ்வொரு படத்திலும் செய்கிற காரியத்தை இங்கே ஒரு கதாநாயகன் செய்கிறான். மற்ற படங்களில் அதற்குப் பெயர் நடிப்பு. இந்தப் படத்தில் அதற்குப் பெயர் மோசடி!

பின்னணி பாடும் தொழிலை இப்படிப் பட்டப்பகலில் தோலுரித்துக் காட்டிய படம் இன்னொன்றைச் சொல்வது கஷ்டம். அதுவும் சிரிக்கச் சிரிக்க. இந்தப் படத்தின் முதல் பலம் இதுதான்.

போலாவாக நடித்தவர் சுனில் தத். 1957-ம் ஆண்டு "மதர் இந்தியா" படத்தில் முரட்டு மகனாக வந்தவர். 1963-ல் ஒரு படத்தில் கொள்ளைக்காரனாக மிரட்டியவர். பார்த்தால் பயப்படுகிற மாதிரி உடம்பு. அப்பேர்ப்பட்டவர் இதில் அசட்டுச் சிரிப்போடு, நண்பன் சொன்னதற்கெல்லாம் தலையாட்டுகிறார். இன்னொரு வேடிக்கை. சினிமாவுக்கு வருவதற்கு முன்னால் அவர் இலங்கை வானொலியின் இந்தி நிகழ்ச்சியில் அறிவிப்பாளர். குரலை வைத்துப் பிழைத்தவர். குரலே இல்லாதவனாக நடித்துப் பெயர் வாங்கிவிட்டார்!

வங்காளத்தில் இருந்து வந்த பெண்

கதை பம்பாயில் பிறந்தது அல்ல. வங்காளி எழுத்தாளர் அருண் சௌத்ரியின் கதை. 1952-ம் ஆண்டு "பாஷேர் பாரி" என்ற பெயரில் வங்காளிப் படமாக வந்தது. "பக்கத்து வீடு" என்று பொருள்.

அடுத்த ஆண்டே அது தெலுங்குக்குப் போனது. "பக்க இண்டி அம்மாயி" என்று பெயர். அஞ்சலி தேவியும் ரேலங்கியும் நடித்தார்கள். பின்னணிப் பாடகர் ஏ. எம். ராஜாவும் அதில் நடித்தார்.

1960-ம் ஆண்டு தமிழுக்கு வந்தது. "அடுத்த வீட்டுப் பெண்"! அதே அஞ்சலி தேவி. அவருடைய சொந்தப் படம். அவருடைய கணவர் ஆதிநாராயண ராவ் இசை அமைத்தார். டி. ஆர். ராமச்சந்திரனும் தங்கவேலுவும் சேர்ந்தால் சிரிப்புக்குக் கேட்கவா வேண்டும்? பி. பி. ஸ்ரீநிவாஸ் பாடிய காதல் பாட்டு ஒன்று அவரை வீட்டுக்கு வீடு கொண்டுபோய்ச் சேர்த்தது. சீர்காழி கோவிந்தராஜனும் திருச்சி லோகநாதனும் சேர்ந்து பாடிய பாட்டையும் பழைய ரசிகர்கள் இன்றைக்கும் மறக்கவில்லை.

ஆக, பம்பாய்க்காரர்களுக்கு எட்டு வருஷம் முந்தியே தமிழ் ரசிகர்கள் இந்த ஜன்னலை எட்டிப் பார்த்தாகிவிட்டது.

வெற்றிலை வாய்க் குரு

"படோசன்" படத்தைத் தயாரித்தவர்கள் மெஹ்மூத்தும் என். சி. சிப்பியும். டைரக்ஷன் ஜோதி ஸ்வரூப். கதை வசனமும் பாட்டும் ராஜேந்திர கிருஷ்ணன். இந்தப் பெயர் சென்னையில் பழக்கமான பெயர். ஏவி.எம். நிறுவனம் எடுத்த இந்திப் படங்கள் பலவற்றுக்கு எழுதியவர் அவர்.

இசை ஆர். டி. பர்மன். அவருக்கு அப்போது வயது 29. அவருக்கு முதல் படம் கொடுத்ததே மெஹ்மூத்தான். 1961-ல் வந்த "சோட்டே நவாப்" அது. பெரிய இசை அமைப்பாளரான எஸ். டி. பர்மனின் மகன் என்றாலும், பிள்ளையாண்டானை நம்பி முதலில் படத்தைக் கொடுத்தவர் ஒரு நகைச்சுவை நடிகர்!

குருவாக நடித்தவர் கிஷோர் குமார்.

அடடா, அந்த வேஷம்! கண்ணில் மை. வாய் நிறைய வெற்றிலை. வெற்றிலைச் சாற்றை அடக்கிக்கொண்டு அவர் பேசுகிற பேச்சு பாதி புரிகிறது, பாதி புரியவில்லை. ஆனால், கொட்டகை முழுவதும் சிரிக்கிறது. காதலை எப்படிச் சொல்ல வேண்டும் என்று போலாவுக்குப் பாடம் நடத்துகிறார். நண்பர்கள் கூட்டம் சுற்றி உட்கார்ந்திருக்கிறது. குட்டையான முக்ரி, குடிகார வேஷத்துக்குப் பேர்போன கேஷ்டோ முகர்ஜி, ஒல்லியான ராஜ் கிஷோர். ஒவ்வொரு முகமும் ஒரு தினுசு. கதாநாயகியே இல்லாத அந்தக் காட்சி, காதல் காட்சிகளை எல்லாம் சாப்பிட்டுவிடுகிறது.

கிஷோர் குமார் அப்போது நடிகராகவும் பாடகராகவும் இருந்தார். நடிகராக மார்க்கெட் குறைந்துகொண்டு வந்த நேரம். அடுத்த ஆண்டு, 1969-ல், "ஆராதனா" வந்தது. அதில் பாடிய பாட்டுகள் அவரை இந்தியின் முதல் பின்னணிப் பாடகர் ஆக்கிவிட்டன. மறைவில் நின்று பாடுகிறவனாக அவர் நடித்த வேளை, நிஜமாகவே அந்த வாழ்க்கைக்கு முகூர்த்தம் வைத்த மாதிரி ஆகிவிட்டது.

போட்டி!

படத்தின் உயிர் பாட்டுப் போட்டிதான்.

ஜன்னலில் பாட்டுக் கேட்டு பிந்து சொக்கிப்போகிறாள். மாஸ்டர் பிள்ளைக்கு வயிறு எரிகிறது. தன் சிஷ்யை, தன் வித்தை. எதிர்வீட்டு அசடு ஒருவன் குறுக்கே வருவதா? "வா, பாடிப் பார்க்கலாம்" என்று சவால் விடுகிறார்.

இந்த ஜன்னலில் மாஸ்டர். அந்த ஜன்னலில் போலா. போலாவின் முதுகுக்குப் பின்னால் குரு.

பாட்டு நிதானமாக ஆரம்பிக்கிறது. மாஸ்டர் ஸ்வரம் போடுகிறார். எதிரே இருந்து பதில் வருகிறது. மாஸ்டர் வேகத்தைக் கூட்டுகிறார். பதிலும் வேகமாக வருகிறது. போலா ஆர்வத்தில் வாயைக் கோணுகிறான், கையை வீசுகிறான், நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தத் தெரியாமல் முழிக்கிறான். குரு திடீர் திடீர் என்று மெட்டை மாற்றுகிறார். மாஸ்டர் திணறுகிறார். "இது என்ன கலாட்டா!" என்கிற மாதிரி அலறுகிறார். வித்தை தெரிந்தவருக்கு வாய் குழறுகிறது. கடைசியில் தோற்றுப் போகிறார்!

பல தடவை பார்த்தவர்களும் இந்த இடத்தில் சிரிப்பை அடக்க முடியாது. இந்தி ஓர் எழுத்துத் தெரியாதவர்களும் ரசிக்கலாம். ஏனென்றால் சண்டை வார்த்தையில் இல்லை, ஸ்வரத்தில் இருக்கிறது.

பாட்டின் ஆரம்பம் பழசு. 1941-ல் வந்த "ஜூலா" படத்தில் கிஷோர் குமாரின் அண்ணன் அசோக் குமார் பாடிய பாட்டு அது. அதை எடுத்து, இழுத்து, நீட்டி, கர்நாடக சங்கீத வாசனையும் கூத்தும் கலந்து ஒரு மல்யுத்தம் ஆக்கிவிட்டார் பர்மன்.

மாஸ்டருக்குப் பின்னணி பாடியவர் மன்னா டே. சாஸ்திரீய சங்கீதத்தில் கரை கண்டவர். கண் பார்வை இல்லாத பெரும் பாடகர் கே. சி. டேயின் அண்ணன் தம்பி வழிப் பிள்ளை. அவரிடமே பாடம் கேட்டவர். கிஷோர் குமாரோ முறையாகச் சங்கீதம் கற்றவர் அல்ல. கேள்வி ஞானமும் கடவுள் கொடுத்த குரலும்தான் அவருடைய சொத்து.

முறையாகப் படித்தவர், படிக்காதவரிடம் தோற்க வேண்டும்! மன்னா டேக்கு மனம் ஒப்பவில்லை. இந்தத் தயக்கத்தைப் பிற்காலத்தில் அவரே சொல்லியிருக்கிறார்.

இதில் ஒரு விசேஷம். 1956-ல் "பசந்த் பஹார்" என்ற படத்திலும் அவருக்கு ஒரு பாட்டுப் போட்டி வந்தது. அதில் எதிர்ப்பாட்டுப் பாடியவர் சாட்சாத் பீம்சேன் ஜோஷி! கதைப்படி மன்னா டேயின் குரல் ஜெயிக்க வேண்டும். அவ்வளவு பெரிய வித்வானை நான் ஜெயிப்பதா என்று அப்போதும் நடுங்கினார். ஜெயிக்கச் சொன்னபோதும் தயக்கம். தோற்கச் சொன்னபோதும் தயக்கம்! நல்ல கலைஞர்களின் மனசு அப்படி.

யார் உண்மைப் பாடகர்?

இந்தப் போட்டியில் மூன்று பேர் வாய் அசைகிறது. அவர்களில் சொந்தக் குரலில் பாடுகிறவர் யார்?

கதையைக் கேட்டால், மாஸ்டர் உண்மையான பாடகர், போலா போலி. படப்பிடிப்பைக் கேட்டால், மாஸ்டராக நடித்த மெஹ்மூத்தும் இரவல் குரல்தான். சில்லறையாகச் சில வரிகளை மட்டும் தாமே பாடினார். மறைந்து நிற்கிற கிஷோர் குமார் ஒருவர்தான் முழுக்க முழுக்கச் சொந்தக் குரல்! யாரைத் திருடன் என்று கதை காட்டுகிறதோ, அவர் தொண்டையில்தான் உண்மை இருக்கிறது.

எழுதியவர் இதை எண்ணித்தான் எழுதினாரா, தானாக அமைந்ததா? எப்படி ஆனாலும், யோசித்து ரசிக்க வேண்டிய இடம்.

குடுமியும் "ஐயோ"வும்

இனி அந்த முள்.

மாஸ்டர் பிள்ளை என்ன தப்புச் செய்தார்? அவர் பாடத் தெரிந்தவர். கூலி வாங்கிக்கொண்டு ஒழுங்காகப் பாடம் சொல்லிக்கொடுக்கிறார். சிஷ்யைமேல் ஆசை வைத்தது பிசகு என்றால் பிசகுதான். ஆனால், அந்தப் பிசகை எதிர்வீட்டுப் போலாவும் செய்கிறான், மாமாவும் செய்கிறார். மாஸ்டர் பொய் சொல்லவில்லை. மறைவில் ஆளை வைத்துப் பாடவில்லை. தன் தொண்டையை நம்பிச் சபைக்கு வந்தார். மெட்டை நடுவில் மாற்றிக் கலாட்டா செய்து அவரைக் கவிழ்த்தார்கள்.

அவர் தோற்றதற்கு ஜனங்கள் சிரித்தார்கள். ஏன்? அவருக்குக் குடுமி இருந்தது. அவருடைய இந்தி கோணலாக இருந்தது. அவ்வளவுதான்!

அந்தக் காலத்தில் வடக்கே பல பேருக்கு விந்திய மலைக்குத் தெற்கே இருப்பவர் எல்லோருமே "மதராஸி". தமிழர், தெலுங்கர், மலையாளி, கன்னடியர் என்ற பேதம் கிடையாது. மாஸ்டர் பிள்ளையின் வேஷத்திலும் இந்தக் குழப்பம் தெரிகிறது. பெயர் ஒரு பக்கம், குடுமி ஒரு பக்கம். தெற்கே இருந்து பார்க்கிறவர்களுக்கு, இந்த ஆள் எந்த ஊர், எந்தத் தெரு என்றே புரியாது. எல்லாவற்றையும் கலந்து ஒரு பொம்மை செய்து நிறுத்திவிட்டார்கள்.

1965-ல் சென்னை ராஜ்யத்தில் இந்தி எதிர்ப்புப் போராட்டம் கொழுந்துவிட்டு எரிந்தது. மூன்று ஆண்டுகள் கழித்து, இந்தி சரியாகப் பேச வராத தென்னாட்டுக்காரரைப் பார்த்து வடக்கே கொட்டகை கொட்டகையாகச் சிரித்தார்கள். படம் எடுத்தவர்கள் வன்மத்தோடு செய்தார்கள் என்று சொல்வதற்கு இல்லை. விளையாட்டாகத்தான் செய்தார்கள். ஆனால், அதற்குப் பிறகு இந்திப் படத்தில் தென்னாட்டுக்காரர் வந்தால் "ஐயோ" என்று கத்த வேண்டும் என்பது ஒரு வழக்கமாகவே ஆகிவிட்டது. அந்த வழக்கத்துக்குப் பலமாக அஸ்திவாரம் போட்டவர்களில் இந்த மாஸ்டரும் ஒருவர்.

நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும். தமிழ்ப் படங்களில் வட்டிக்கடை சேட் எப்படிப் பேசுவார்? "நம்பள், நிம்பள்" என்பார். டீக்கடை வைத்திருக்கும் மலையாளி? அவருக்கும் ஒரு தனி இழுவை. அவர்களுடைய தமிழைக் கேட்டு நாமும்தான் சிரித்தோம்.

சென்னையில் கற்ற பாடம்

இத்தனை கேலி செய்த மெஹ்மூத், தெற்கத்திச் சினிமாவுக்கு அந்நியரா? இல்லவே இல்லை! அங்கேதான் விஷயம் இருக்கிறது.

1964-ல் ஸ்ரீதர் எடுத்த "காதலிக்க நேரமில்லை" ஞாபகம் இருக்கிறதா? பாலையாவை உட்கார வைத்து நாகேஷ் பேய்க்கதை சொல்லிக் கதிகலங்க வைப்பாரே, அந்தப் படம்! அதை ஸ்ரீதரே 1966-ல் "ப்யார் கியே ஜா" என்று இந்தியில் எடுத்தார். நாகேஷ் வேஷம் மெஹ்மூத்துக்கு. பாலையா வேஷம் ஓம் பிரகாஷுக்கு. இந்த ஓம் பிரகாஷ்தான் "படோசன்" படத்தில் பெண் தேடி அலையும் மாமா! கிஷோர் குமாரும் அந்தப் படத்தில் இருந்தார். பாட்டு எழுதியவர் ராஜேந்திர கிருஷ்ணன். "படோசன்" கூட்டத்தில் பாதி, சென்னைக் கதை ஒன்றில் ஏற்கனவே கூடிப் பழகியாகிவிட்டது.

அது மட்டுமா? "சாது மிரண்டால்" 1968-ல் இந்திக்குப் போனது, மெஹ்மூத் நடித்தார். "சர்வர் சுந்தரம்" 1971-ல் போனது. நாகேஷின் அந்த அழுகையும் சிரிப்பும் கலந்த வேஷம் மெஹ்மூத்துக்கே. "மெட்ராஸ் டு பாண்டிச்சேரி" 1972-ல் "பாம்பே டு கோவா" ஆனது, அதிலும் மெஹ்மூத்!

தமிழ்நாட்டு நகைச்சுவையை இவ்வளவு அக்கறையாகக் கவனித்த இந்தி நடிகர் வேறு ஒருவர் இல்லை என்றே சொல்லலாம். மாஸ்டர் பிள்ளை வெறும் பொம்மையாக நின்றுவிடாமல், ஒரு மனிதராகவும் தெரிகிறார் என்றால் காரணம் அதுதான். வேஷத்தைப் பார்த்தால் கோபம் வருகிறது. கண்ணைப் பார்த்தால் பாவமாக இருக்கிறது. சிஷ்யை சிரித்துவிட்டால் மாஸ்டரின் முகம் மலர்கிறது. அவள் ஜன்னல் பக்கம் திரும்பினால் அந்த முகம் சிறு பிள்ளையின் முகம் போல வாடிவிடுகிறது.

பாவம், பிந்து!

பிந்துவாக நடித்தவர் சாயிரா பானு. பளிச்சென்று இருக்கிறார். தோழிகளோடு சைக்கிளில் ஊர்வலம் வருகிற பாட்டு கண்ணுக்குக் குளிர்ச்சி. லதா மங்கேஷ்கரும் ஆஷா போன்ஸ்லேயும் சேர்ந்து பாடியது.

ஆனால், அந்தப் பாத்திரத்துக்கு எழுத்தாளர் நியாயம் செய்யவில்லை.

போலா பாடவில்லை, வாய்தான் அசைத்தான் என்ற உண்மை ஒரு நாள் வெளிப்படுகிறது. பிந்துவுக்குக் கோபம். வராதா பின்னே? அவள் மனசைக் கொடுத்தது ஒரு குரலுக்கு. அந்தக் குரல் இன்னொருவனுடையது! எந்தப் பெண்ணும் துடித்துப்போவாள்.

ஆனால், படம் அவள் பக்கம் நிற்கவில்லை. அவளுடைய கோபத்தை வெறும் பிடிவாதமாக ஆக்கிவிடுகிறது. போலாவைப் பழிவாங்க அந்தக் கிழட்டு மாமாவையே கட்டிக்கொள்ளச் சம்மதிக்கிறாள். மருமகனின் காதல் தெரிந்து மாமா ஒதுங்கிக்கொள்கிறார். உடனே, மாஸ்டரைக் கட்டிக்கொள்கிறேன் என்கிறாள்! நேற்று வரை கெட்டிக்காரியாக இருந்த பெண், இன்றைக்குப் பந்து மாதிரி இந்தக் கைக்கும் அந்தக் கைக்கும் உருளுகிறாள். பெற்ற தகப்பனாக வரும் ஆகாவும் வேடிக்கை பார்க்கிறார். படம் தொய்வது இந்தப் பகுதியில்தான்.

செத்தவன் பிழைத்தான்

முடிவு இன்னும் மோசம்.

மாஸ்டர் மாப்பிள்ளைக் கோலத்தில் தயாராகிறார். குருவுக்கு மறுபடியும் ஒரு தந்திரம் தோன்றுகிறது. போலா தூக்கு மாட்டிக்கொண்டு செத்துவிட்டதாக ஒரு நாடகம்! அழுகை, ஓலம். பிந்து ஓடி வருகிறாள். "உன் அன்பு உண்மையானால் அவன் பிழைப்பான், கூப்பிடு" என்கிறார் குரு. அவள் கதறிக் கூப்பிடுகிறாள். பிணம் எழுந்து உட்காருகிறது!

முதலில் குரலில் ஒரு பொய். பிறகு சாவில் ஒரு பொய். இரண்டு பொய்க்கும் பரிசு, பெண். முதல் பொய் சிரிப்பாக இருந்தது. தப்பு என்று தெரிந்தும் ரசித்தோம். இரண்டாவது பொய்யில் சிரிப்பு நின்றுவிடுகிறது. ஒரு பெண் நெஞ்சு வெடிக்க அழுவதை, மறைவில் நின்று ஏமாற்றி வாங்குகிற காரியம் நகைச்சுவை ஆகாது. இதே படத்தில் எத்தனையோ அழகான யோசனைகளைச் செய்தவர்கள், முடிவுக்கு வந்தபோது அவசரப்பட்டுவிட்டார்கள்.

குடும்பத்தோடு பார்க்கலாமா என்றால், தாராளமாகப் பார்க்கலாம். ஆபாசம் இல்லை. பாட்டுகள் தேன். ஜன்னலில் போலா பாடுவதாக வரும் முதல் பாட்டு, கிஷோர் குமாரின் குரலில் வானொலியில் ஒலித்து ஒலித்து, இந்தி தெரியாதவர்கள் வாயிலும் முணுமுணுப்பாக ஏறிய பாட்டு. பிள்ளைகளுக்குப் போட்டிக் காட்சி ஒன்று போதும். கடைசிக் கால் மணி நேரத்துக்கு மட்டும் கொஞ்சம் பொறுமை வேண்டும்.

பொறுமையாக இருப்பவர்களுக்கு ஒரு காட்சி காத்திருக்கிறது.

போலாவுக்கும் பிந்துவுக்கும் கல்யாணம். மாமாவும் மாமியும் சமாதானம் ஆகிவிடுகிறார்கள். எல்லோர் முகத்திலும் சிரிப்பு. பந்தலில் ஷெனாய் ஒலிக்கிறது. வாசிக்கிறவர் யார்? மாஸ்டர் பிள்ளை! கன்னத்தில் கண்ணீர் வழிகிறது. வாத்தியத்தை நிறுத்தவில்லை.

எல்லாக் காதலர்களும் சேர்ந்து, எல்லோரும் சிரிக்கும்போது "சுபம்" போடுவதுதான் நகைச்சுவைப் படங்களின் வழக்கம். தோற்றவனின் கண்ணீரைக் காட்டினால் ஜனங்களின் சிரிப்புக் குறைந்துவிடும் என்று தயாரிப்பாளர்கள் பயப்படுவார்கள். இந்தப் படத்தின் தயாரிப்பாளர் பயப்படவில்லை. மாஸ்டர் வேஷம் போட்டிருந்தவரே அவர்தான்.